கனடா அழைக்கும் வரை பிள்ளை பள்ளிக்கு வரட்டும்

அண்மைக் காலமாகத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் மேசைக்கு ஒரு புதுவகைக் கடிதம் வந்து சேர்கின்றது. காய்ச்சல், உறவினர் திருமணம், தைப்பூசக் காவடி என்னும் வழக்கமான காரணங்கள் எவையும் அதில் இரா. "நாங்கள் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபெயரவிருக்கிறோம். ஆகவே என் மகன் இனிமேல் பள்ளிக்கு வரமாட்டான்" என்று இரண்டே வரிகள். பயணம் எந்நாள் என்று கேட்டால் பெற்றோருக்கே தெரிவதில்லை. "மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது டீச்சர், கைரேகையும் கொடுத்துவிட்டோம். இனி எந்நேரமும் வந்துவிடும்" என்கிறார்கள். அந்த 'எந்நேரமும்' மூன்று மாதம் ஆகிறது. ஆறு மாதம் ஆகிறது. சிலருக்கு அதற்கும் மேலாகிறது. பிள்ளை வீட்டிலே கைப்பேசியோடு அமர்ந்திருக்கிறான். வகுப்பில் அவன் நாற்காலி காலியாக இருக்கிறது.

இந்தக் காத்திருப்புக் காலத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கனடாவுக்குப் போகிறவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் வேளையில், குடிபெயர்ந்து செல்லும் குடும்பங்களை ஏதோ காட்டிக்கொடுத்தவர்களைப் போலப் பேசுகின்ற சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அப்பேச்சு எனக்கு உடன்பாடன்று. நாமெல்லாம் யார்? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தாமே! அந்தத் துறைமுகத்திற்கு 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. அவ்வளவே. வந்திறங்கிய நம் பாட்டன்மாரையும் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்கவைத்துப் பரிசோதித்த பிறகுதான் தோட்டத்திற்கு அனுப்பினார்கள். இன்று பேரன் கோலாலம்பூரில் கனடா அங்கீகரித்த மருத்துவரிடம் மார்புப் படம் எடுத்துக்கொள்கிறான். பிழைக்கப் போகிற இடம் எதுவாயினும் உடம்பைத் திறந்து காட்டித்தான் நுழைய வேண்டியிருக்கிறது.

ஆக, போவது தவறன்று. போகும்முன் பிள்ளையின் வாழ்வைப் பாதியில் நிறுத்திவைப்பதே தவறு என்பது என் கருத்து.

இந்த விண்ணப்பத்தின் போக்கை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். 2015 சனவரி முதல் கனடா 'எக்ஸ்பிரஸ் எண்ட்ரி' என்னும் முறையில் திறன்மிக்க குடியேறிகளைத் தேர்ந்தெடுக்கிறது. வயது, கல்வி, ஆங்கிலம் அல்லது பிரெஞ்சுப் புலமை, வேலை அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. இருபது முதல் இருபத்தொன்பது வயது வரை வயதுக்கான முழுப்புள்ளி. அதன்பின் ஆண்டுதோறும் குறைந்து நாற்பத்தைந்தில் சுழியமாகிவிடுகிறது. இதனால்தான் விண்ணப்பிக்கிறவர்களில் பலர் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெற்றோராக இருக்கிறார்கள். அழைப்பு வந்தால் அறுபது நாளுக்குள் எல்லா ஆவணங்களையும் அனுப்ப வேண்டும். அதன்பின் கட்டணம், கைரேகை, பின்னணிச் சோதனை. எல்லாம் ஒப்பேறினால் கடப்பிதழை அனுப்பச் சொல்லிக் கோரிக்கை வரும். மலேசியர்களுக்குக் கனடா செல்ல விசா வேண்டுமாதலால் கடப்பிதழில் விசாவும், கூடவே நிரந்தரக் குடியிருப்பை உறுதிசெய்யும் பத்திரமும் கிடைக்கும். அந்தப் பத்திரத்தோடு கனடாவில் இறங்கினால்தான் ஒருவர் நிரந்தரக் குடியிருப்பாளர் ஆகிறார். அதுவரை அவர் விண்ணப்பதாரர் மட்டுமே. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இந்த முறையில் பிள்ளைக்குப் புள்ளி கிடையாது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் கனடா கைரேகைகூடக் கேட்பதில்லை. அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பல வீடுகளில் பெற்றோரும் கேட்பதில்லை! பெரியவர்களின் கவனம் முழுவதும் கணக்குப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்ப்பதிலேயே போய்விடுகிறது. ஆண்டு 4-இல் பெருக்கலும் வகுத்தலும் பின்னங்களும் கற்க வேண்டிய பிள்ளை, வீட்டிலே பனிப்பொழிவுக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

காத்திருப்பு எத்தனை நாள் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கனடாவின் கொள்கையே நடுவழியில் மாறுகிறது. 2025-ஆம் ஆண்டுக்கு 500,000 குடியேறிகள் என்று வைத்திருந்த இலக்கை, 2024 அக்டோபரில் அந்நாடு 395,000 ஆகக் குறைத்தது, 2026-க்கு 380,000. அதுவரை வேலை வாய்ப்புக் கடிதத்திற்குக் கொடுத்துவந்த கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச் 25-இல் நீக்கியது. நேற்றுவரை தகுதி இருந்தவர்களில் சிலர் மறுநாள் வரிசையில் பின்னே தள்ளப்பட்டார்கள். இப்படிப்பட்ட ஒன்றை நம்பி வேலையை விடுவதும், வீட்டை விற்பதும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும் எவ்வகையில் அறிவுடைமை?

மற்றொரு மாற்றத்தையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் விண்ணப்பம் அனுப்பிய பிறகே மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். 2025 ஆகத்து 21 முதல் எக்ஸ்பிரஸ் எண்ட்ரி விண்ணப்பதாரர்கள் பரிசோதனையை முன்கூட்டியே முடித்து விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். மருத்துவ முடிவு பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களுக்குச் செல்லும். இறுதியில் கிடைக்கும் பத்திரத்தின் காலமும் பெரும்பாலும் அந்த மருத்துவ நாளையோ கடப்பிதழ் முடியும் நாளையோ ஒட்டியே அமையும், அதை நீட்டிப்பதில்லை. ஆக, கடிகாரம் முன்னதாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. நெடுநாள் காத்திருந்து, பின் சில வாரங்களில் மூட்டை கட்ட வேண்டிய நிலை வரலாம். நான் சொல்வதற்கு இது எதிராகத் தோன்றலாம். 'அப்படியானால் முன்கூட்டியே நிறுத்துவதுதானே சரி' என்பீர்கள். இல்லை. ஆயத்தம் செய்வது வேறு, நிறுத்திவைப்பது வேறு. பெரியவர்கள் தாள்களை ஆயத்தம் செய்யட்டும். பிள்ளை காலையில் சீருடை அணிந்து பள்ளிக்கு வரட்டும். நம் நாட்டில் ஆறாண்டுத் தொடக்கக்கல்வி 2003 முதல் கட்டாயம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கனடாவுக்கு விண்ணப்பம் போட்டிருப்பது அதற்கு விலக்கன்று.

இனி, தாள்களைப் பற்றி. இங்கேதான் நம்மவர்களுக்கு இறுதிக் கட்டத்தில் இடர் வருகிறது. ஆசிரியர் என்ற முறையில் நான் ஆண்டுதோறும் காண்கின்ற ஒன்று இது: பெயர்!

முதலாம் ஆண்டுப் பதிவின்போது பிறப்புப் பத்திரங்களைப் பார்க்கிறோம். ஒரே வீட்டு அண்ணனுக்கும் தங்கைக்கும் தந்தை பெயர் இரு வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். தாத்தா பெயரைத் தோட்டத்துக் கிராணியார் காதில் விழுந்தபடி எழுதினார். அப்பா பெயரைக் காவல் நிலையத்திலோ மருத்துவமனையிலோ வேறொருவர் வேறு விதமாக எழுதினார். சுப்பிரமணியம் என்னும் ஒரு பெயரை உரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணத் தொடங்கினால் கைவிரல்கள் போதா. பள்ளியில் இது பெரிதாகத் தெரியாது. அயல்நாட்டு அதிகாரி, பிறப்புப் பத்திரத்தையும் திருமணச் சான்றிதழையும் கடப்பிதழையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெரியும். அவருக்கு அது மூன்று மனிதர்!

இதற்கு மேல் 'ஏ/எல்', 'ஏ/பி' வேறு. அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான். இன்னாரின் மகன், இன்னாரின் மகள். நம் நாட்டில் இதன் பொருள் யாவர்க்கும் தெரியும். வெளிநாட்டுப் படிவமோ குடும்பப் பெயர் ஒன்று, இடு பெயர் ஒன்று என்று இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தச் சாய்கோட்டைப் பல கணினிப் படிவங்கள் ஏற்பதுமில்லை. நம் மரபில் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயர்தான் உண்டு. அப்பாவுக்குத் தாத்தா பெயர், அம்மாவுக்கு அவர் தந்தை பெயர், பிள்ளைக்கு அப்பா பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று 'குடும்பப் பெயர்கள்' உருவாகிவிடுகின்றன. கடப்பிதழில் குடும்பப் பெயர் தனியாக இல்லையென்றால் முழுப்பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்றதை வெறுமையாக விட வேண்டும் என்பது கனடா தரும் அறிவுரை. சிலர் அழகுக்காகப் பெயரைத் தாமே பிரித்து எழுதிவிடுகிறார்கள். மனைவி பெயரோடு கணவன் பெயரை ஒட்டவைக்கிறார்கள். வேண்டாம். கடப்பிதழில் உள்ளது உள்ளபடி எழுதுவதே நலம். இறுதிப் பத்திரம் கைக்கு வந்தவுடன் ஒவ்வோர் எழுத்தையும் கடப்பிதழோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழையிருந்தால் விமானம் ஏறும் முன்னரே தெரிவிக்க வேண்டும். இறங்கிய பின் திருத்துவது நெடுங்கதை.

தாளின் மதிப்பை நம் இனத்தைவிட நன்கறிந்தவர் யார்? 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை உரிமம் கட்டாயமாக்கப்பட்டபோது, இந்த மண்ணிலேயே பல்லாண்டு பால் வெட்டிய ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே மூத்து முடிந்த பாட்டிமார்கள் கிள்ளான் வட்டாரத்தில் எத்தனையோ பேர். நிரந்தரக் குடியிருப்பு வேறு, குடியுரிமை வேறு என்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை! அப்படியிருந்தும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள எழுத்துப்பிழையைப் 'பிறகு பார்க்கலாம்' என்று பன்னிரண்டு ஆண்டு விட்டுவைக்கிறோமே, ஏன்?

எழுத்துப்பிழையைவிடக் கடினமானது ஒன்றுண்டு. அதைப் பேச நம்மவர் கூசுகிறார்கள். கோவிலில் தாலி கட்டி, ஊரையழைத்து விருந்து வைத்து, பதிவு மட்டும் செய்யாமல் விட்ட திருமணங்கள். 1982 மார்ச் முதல் நம் நாட்டில் முசுலிம் அல்லாதார் திருமணம் சட்டப்படி பதிவு பெற வேண்டும். பதிவில்லாத மணவாழ்வில் பிறந்த குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பற்றிய பகுதி வெறுமையாகக்கூட இருக்கும். பள்ளியில் அந்தப் பத்திரத்தைத் தரும்போது தாய்மார்கள் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். குடிபெயர்வு விண்ணப்பத்தில் அந்த வெற்றிடத்திற்கு விளக்கம் கேட்பார்கள். மணமுறிவு பெற்ற பெற்றோர் ஒருவர் பிள்ளையோடு செல்வதாயின், உடன் செல்லாத மற்றவரின் ஒப்புதல் உறுதிமொழியைக் கேட்பார்கள். பிள்ளை யார் பொறுப்பு என்ற நீதிமன்றக் கட்டளையும் வேண்டியிருக்கும். பிரிந்து போனவரைத் தேடிப் பிடித்துக் கையொப்பம் வாங்குவது எளிதா? இதைத் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் கொடியது, பிள்ளையை மறைப்பது. முதல் மணத்துப் பிள்ளை பாட்டி வீட்டில் வளர்கிறான், அவன் வரப்போவதில்லை, எதற்குப் பெயரைப் போட வேண்டும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். கனடாவின் குடியேற்ற விதிகளில் 117-ஆம் விதி இதற்குக் கடுமையான விளைவை வைத்திருக்கிறது. விண்ணப்பத்தின்போது அறிவிக்காத, பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினரைப் பின்னாளில் குடும்பப் பிரிவில் அழைத்துக்கொள்ள முடியாது என்பதே பொது விதி. உடன் வராத பிள்ளையையும் அறிவிக்க வேண்டும்; மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். காத்திருக்கும் காலத்தில் புதிதாகக் குழந்தை பிறந்தாலும், திருமணம் நடந்தாலும், மணமுறிவு ஏற்பட்டாலும் கனடாவில் இறங்கும் முன் தெரிவித்தாக வேண்டும். 'இப்போது சொன்னால் தாமதமாகுமே' என்ற அச்சத்தில் கைக்குழந்தையை மறைக்க நினைப்பவர்கள் சற்றே எண்ணிப் பாருங்கள். சில மாதத் தாமதத்திற்கு அஞ்சி ஒரு பிள்ளையை நிலையாகக் கடலுக்கு இப்பால் நிறுத்திவிடலாமா? பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்தாண்டுகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பது வேறு.

முகவர்களைப் பற்றியும் ஒரு சொல். கட்டணம் பெற்றுக்கொண்டு கனடா குடியேற்ற விண்ணப்பத்தில் ஒருவரைப் பிரதிநிதிக்க, அந்நாட்டு வழக்கறிஞர் சங்கங்களின் உறுப்பினருக்கோ, கியூபெக் நொத்தாரிசுக்கோ, 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவருக்கோ மட்டுமே உரிமையுண்டு. அந்தக் கல்லூரியின் உரிமப் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். 'கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, இன்னும் ஐயாயிரம் வெள்ளி கொடுத்தால் தள்ளிவிடலாம்' என்று எவரேனும் சொன்னால், அவர் தள்ளப்போவது உங்கள் பணத்தைத்தான்.

கட்டணத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வரலாற்றுச் செய்தி. நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கென்று கனடா ஒரு தனிக் கட்டணம் வாங்குகிறது. 1995-இல் கொண்டுவந்தபோது அது 975 டாலர். 2006-இல் 490-ஆகக் குறைத்தார்கள். பின் மெல்ல ஏறி 2024 ஏப்ரல் 30 முதல் 575 டாலர் ஆனது. உடன் செல்லும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டணம் இல்லை. பிள்ளைக்கு ஆதாயமாக இந்த விண்ணப்பத்தில் நான் கண்டது இது ஒன்றுதான்!

பணத்தைப் பற்றி நம்மவர் செய்யும் இன்னொரு தவறான கணக்கு, ஊழியர் சேமநிதி. நாட்டைவிட்டுப் போகிறோம், ஆகவே இபிஎப் பணத்தை மொத்தமாக எடுத்துக் கனடாவில் வீட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்று நினைக்கிறார்கள். மலேசியர் ஒருவர் நாட்டைவிட்டு வெளியேறுவதற்கான அந்த மீட்பைப் பெற வேண்டுமானால் குடியுரிமையைத் துறக்க வேண்டும். கனடாவில் நிரந்தரக் குடியிருப்பாளராக இருப்பவர் இன்னும் மலேசியக் குடிமகன்தான். கனடியக் குடியுரிமை எடுக்கும் நாளில்தான் நம் அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு குறுக்கே வரும். இரட்டைக் குடியுரிமை நமக்கில்லை. அந்த முடிவுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. அதை இன்றே எடுத்ததுபோல் நடந்துகொள்ள வேண்டாம்.

நகை விடயத்தில் மட்டும் நம் தாய்மார்கள் வெகு கவனம். கனடாச் சுங்கத்தில் முதல் முறை இறங்கும்போதே, கையில் கொண்டுவரும் பொருள்களுக்கு ஒரு பட்டியலும் பின்னர் வரப்போகும் பொருள்களுக்கு ஒரு பட்டியலும் கொடுக்க வேண்டும். நகைகளுக்குப் படமும் மதிப்பும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. பத்தாயிரம் கனடிய டாலருக்கு நிகரான அல்லது அதற்கு மேற்பட்ட ரொக்கத்தையும் அறிவிக்க வேண்டும். தாலிக்கொடி, ஆரம், பிள்ளையின் காதணி வரை படமெடுத்து ஒட்டிய ஒரு பட்டியலை ஒரு தாய் என்னிடம் காட்டினார். அச்சிட்ட புத்தகம் தோற்றது! அவரிடம் பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். தெரியவில்லை. மாமியார் வீட்டில் இருக்கலாம் என்றார்.

அந்தப் புத்தகம் வேண்டும், அன்பர்களே! தமிழர் மிகுதியாக வாழும் டொரோண்டோ அமைந்துள்ள ஒண்டாரியோ மாநிலத்தில், பள்ளி மாணவர்களுக்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்று சட்டமே உள்ளது. தட்டம்மை, இளம்பிள்ளைவாதம் முதலியவை நம் நாட்டுத் தேசியத் திட்டத்திலும் உண்டு. ஆனால் அங்கே கேட்கப்படும் சின்னம்மைத் தடுப்பூசியும் மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கல் தடுப்பூசியும் நம் திட்டத்தில் இல்லாதவை. காத்திருக்கும் மாதங்களில் செய்யத்தக்க வேலை இது. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நெருங்கினால் மைகார்டு எடுத்துவிட்டுப் புறப்படுங்கள். வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கைகளை ஆண்டுவாரியாகக் கோப்பில் வையுங்கள். பள்ளிக் கடிதங்கள் மலாயில் இருக்கும். அவற்றை மொழிபெயர்த்துக் கொடுக்கச் சொல்லிப் பெற்றோர் எங்களிடம் வருவதுண்டு. குடியேற்ற அலுவலகத்திற்குத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரின் சான்றோடு கூடிய மொழிபெயர்ப்பே வேண்டும். அத்தையும் சித்தப்பாவும் செய்தது செல்லாது. ஆசிரியர் நட்பிற்காகச் செய்தது மட்டும் செல்லுமா என்ன?

வகுப்பைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஒண்டாரியோவில் பிறந்த ஆண்டை வைத்தே வகுப்பு. அங்கே ஆறு வயது நிறையும் ஆண்டில் செப்டம்பரில் முதல் வகுப்பு. இங்கே ஏழு வயதில் ஆண்டு 1 தொடங்கியவன் அங்கே ஒரு வகுப்பு முன்னே நிற்பான். இங்கே ஆண்டு 4-இல் பயிலும் பத்து வயதுப் பிள்ளையை அவ்வாண்டு செப்டம்பரில் ஐந்தாம் வகுப்பில் உட்காரவைப்பார்கள். இப்படி ஏற்கெனவே ஒரு படி தாண்ட வேண்டிய பிள்ளையை, அதற்கு முன் ஆறேழு மாதம் வீட்டில் இருத்திவைத்தால் என்ன ஆகும்? கணக்கில் இடைவெளி விழும். இடைவெளியோடு புதிய நாடு, புதிய குளிர், புதிய மொழிச்சூழல். பெற்றோர் நினைப்பது 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்வான்' என்று. அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், உண்மை.

இந்தக் கட்டத்தில் பெற்றோர் செய்யும் மற்றொன்று என்னை மிகவும் வருத்துகிறது. விண்ணப்பம் இறுதிக்கு வந்தவுடன் வீட்டில் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். "அங்கே ஆங்கிலம்தானே டீச்சர், இப்போதே பழகட்டும்" என்கிறார்கள். அங்குள்ள பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கெனத் தனித்துணை உண்டு. சிறுபிள்ளை ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்வான், ஐயமில்லை. தமிழை யார் கொடுப்பார்? 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து ஏதிலிகளாகச் சென்றவர்கள், குளிரிலும் இரட்டை வேலையிலும் பிள்ளைகளை வார இறுதித் தமிழ் வகுப்புகளுக்கு அழைத்துச் சென்றார்கள். டொரோண்டோவில் பள்ளி வாரியத்தின் பன்னாட்டு மொழித் திட்டத்தின் கீழ்த் தமிழ் கற்பிக்கப்படுகிறது. சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கனடிய நாடாளுமன்றம் 2016-இல் ஏற்றது. டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு மூன்று மில்லியன் டாலர் திரட்டினார்கள். அங்குள்ளவர்கள் இவ்வளவு பாடுபட்டுப் பெற்றுக்கொடுக்கும் மொழியை, நம் பிள்ளை இங்கே அரசு செலவில் நாள்தோறும் வகுப்பறையில் கற்கிறான்! அதைக் கனடாவுக்காக நிறுத்துகிறோம் என்பது வேடிக்கையன்றோ?

விசா பெற்றுப் போய் இறங்கிவிட்டு, அட்டைக்கு முகவரி கொடுத்துவிட்டு, மீண்டும் இங்கே வந்து இரண்டாண்டு இருப்பவர்களும் உண்டு. ஐந்தாண்டில் 730 நாள் அங்கே இருந்தால் நிரந்தரக் குடியிருப்பு நிலைக்கும் என்னும் கணக்கை வைத்துக்கொண்டு அவ்வாறு செய்கிறார்கள். பெரியவர்களுக்கு அது கணக்காக இருக்கலாம். மூன்றாண்டில் இரு நாட்டில் மூன்று பள்ளி மாறிய ஒரு சிறுமியை அறிவேன்; எவ்வகுப்பிலும் அவளுக்கு ஒரு தோழி நிலைக்கவில்லை. போனால் போய்விடுங்கள், இருந்தால் இருங்கள் என்றே நான் சொல்வேன்.

பிள்ளையிடம் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். 'கேட்டிருக்கிறோம், இன்னும் விடை வரவில்லை, வந்தால் போவோம், வராவிட்டால் இங்கேயே இருப்போம்' என்று நான்கு வாக்கியங்கள் போதும். விண்ணப்பம் மறுக்கப்பட்ட குடும்பங்களும் உண்டல்லவா? ஓரிரு திங்களுக்கு முன் நண்பர்களிடமெல்லாம் விடைபெற்றுச் சென்ற பிள்ளை, திரும்பி வந்து அதே வகுப்பு வாயிலில் நிற்கும்போது மற்ற பிள்ளைகள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை எந்தப் பெற்றோரும் கண்டதில்லை. நாங்கள் காண்கிறோம்.

கடப்பிதழில் விசா ஒட்டப்பட்டு, பத்திரம் கைக்கு வந்து, பயணச்சீட்டு வாங்கிய பிறகு தலைமையாசிரியரிடம் வாருங்கள். விலகல் கடிதம், மதிப்பீட்டு அறிக்கைகள், மாணவர் தரவுத்தளத்தில் செய்ய வேண்டிய மாற்றம் எல்லாவற்றையும் முடிக்க ஓரிரு வாரம் போதும். பாடநூல்களைத் திருப்பிக் கொடுக்க மறக்க வேண்டா. அவை கடனாகத் தரப்பட்டவை. தமிழ்மொழிப் பயிற்றியை மட்டும் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும். பாதி எழுதாமல் இருந்தாலும் பெட்டியில் அதற்கு இடமிருக்கும்.